ஓட்டுநர் சீட்டுக்குள் கூட்டிக் குறைக்கக்கூடிய லம்பார் சப்போர்ட் (கீழ்முதுகுத் தாங்கல்) பொருத்த முடியுமா?

கேள்வி: கோவைப் பயணி

வணக்கம். பணியின் காரணமாக மாதத்தில் இரண்டு முறையாவது கோயம்புத்தூரிலிருந்து சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குக் காரிலேயே போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சங்ககிரி வரையில் ஒன்றும் தெரிவதில்லை. ஆத்தூரை நெருங்கும்போது பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே மந்தமான ஒரு வலி தொடங்குகிறது. உளுந்தூர்பேட்டையில் தேநீருக்காக இறங்கும்போது நிமிர்ந்து நிற்பதற்கே இரண்டு நிமிடம் ஆகிறது.

கார் 2017இல் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக். ஓட்டுநர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்க்கலாம், உயர்த்தலாம். ஆனால் கீழ்முதுகுக்கென்று தனியாக எந்த வசதியும் இல்லை. இதுவரை நான் செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எலாஸ்டிக் பட்டையுடன் வரும் வலைத் தாங்கி ஒன்றை வாங்கினேன். அது ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சரிந்து இடுப்புக்குக் கீழே வந்துவிடும். பிறகு மெமரி ஃபோம் தலையணை ஒன்றை வாங்கினேன். அதன் தடிமன் என்னை ஸ்டீயரிங்கை நோக்கித் தள்ளியது. சீட் கவர் தைக்கும் கடை ஒன்றில், கவருக்கு உள்ளேயே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துத் தந்தார்கள். எனக்கு அது ஓரளவு பொருந்தியது, ஆனால் அதே காரை ஓட்டும் என் மனைவிக்கு அது விலா எலும்புக்கு நேராக வந்து குத்தியதால் ஒரே வாரத்தில் பிரித்துவிட்டோம். (என் உயரம் 5 அடி 10 அங்குலம், அவருடையது 5 அடி 1 அங்குலம்.) உண்மையில் எனக்கு இன்றுவரை நன்றாகப் பலன் தந்தது சுருட்டிய குளியல் துண்டு ஒன்றுதான், அதுவும் காரை விட்டு இறங்கினால் கீழே விழுந்துவிடுகிறது.

விலை உயர்ந்த கார்களில் சீட்டின் ஓரத்தில் உள்ள குமிழைத் திருகினால் கீழ்முதுகுப் பகுதி புடைத்து வருகிறதே, அதைப் போன்ற ஒன்றை என் காரின் சீட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்த முடியுமா? அதற்காக ஃபோமை வெட்ட வேண்டியிருக்குமா? முன்பக்க ஏர்பேக்குகள் இரண்டு உள்ளன. சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறதா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இந்த வேலையை நேரில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஈரோடு குஷன்காரர்

வணக்கம் சார். 22 ஆண்டுகளாகக் கார் சீட் வேலைதான் செய்துவருகிறேன். நீங்கள் முயன்றவற்றில் துண்டு மட்டும் பலித்ததற்குக் காரணம் உண்டு. துண்டை உங்கள் முதுகுக்கு ஏற்ற இடத்தில், உங்களுக்கு வேண்டிய தடிமனில் நீங்களே சுருட்டி வைத்தீர்கள்; மற்றவையெல்லாம் வேறு யாருடைய முதுகையோ நினைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே சீட்டுக்குள் எதை வைத்தாலும் அது உயரத்திலும் தடிமனிலும் மாற்றக்கூடியதாக இருந்தால்தான் உங்கள் இருவருக்கும் உதவும்.

குமிழ் வைத்த சீட்டுகளில் பெரும்பாலும் உள்ளே ஒரு வளையும் தகடோ கம்பிக் கூடையோ இருக்கும். குமிழைத் திருகினால் சைக்கிள் பிரேக் கம்பியைப் போன்ற ஒரு கேபிள் அதை இழுத்து வில்லாக வளைக்கும். அந்த வளைவு ஃபோமை முன்னே தள்ளும். அதை அந்த சீட்டின் சட்டத்தோடு சேர்த்தே வடிவமைத்திருப்பார்கள். வேறு சட்டத்தில் அதைப் பொருத்தப் போனால் துளையிடவும் வெல்டிங் வைக்கவும் நேரிடும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. பின்னால் பொருத்துவதற்கு உகந்தது காற்றுப்பைதான். மின்சார பம்ப்புடன் வருவதும் உண்டு, கையால் அமுக்கும் ரப்பர் குமிழுடன் வருவதும் உண்டு. என்னைக் கேட்டால் கைக்குமிழே மேல் என்பேன். வயரிங் கிடையாது, பழுதானால் காற்றுப்பையையோ குழாயையோ மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் இருவர் ஓட்டுவதால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறைகள் கொண்ட பையாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் மனைவி கீழ் அறையை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம், நீங்கள் மேல் அறையைக் கூடுதலாகவும் கீழ் அறையைக் கொஞ்சமாகவும் நிரப்பலாம்.

ஃபோமை வெட்டவே தேவையில்லை. பையின் இடம் ஃபோமுக்கு முன்னால் அன்று, பின்னால். கவருக்கும் ஃபோமுக்கும் நடுவே வைத்தால் பையின் விளிம்பு முதுகில் உறுத்தும், கவரின் தையலும் இழுபடும். ஃபோமுக்குப் பின்னால், அதைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி வலைக்கு முன்னால் வைத்தால், புடைப்பு அந்தத் தடித்த ஃபோம் வழியாகப் பரவி மெதுவாக முதுகில் படும். பல கார்களில் சாய்மானக் கவரின் அடிப்பகுதி, ஜே வடிவப் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டு ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்பதால்தான் மூடியிருக்கும். சீட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு, அடிப்பகுதியை இரு கைகளாலும் அமுக்கிக் கீழ்நோக்கி இழுத்தால் அந்தக் கொக்கி கழன்றுவிடும். சில வண்டிகளில் ஜிப் இருக்கும். கவரின் முன்பக்கத்தை ஃபோமோடு பிடித்திருக்கும் ஹாக் ரிங் எனும் கம்பி வளையங்களைத் தொட வேண்டியதே இல்லை. கொக்கியைக் கழற்றியதும் கை உள்ளே போகும். பையைக் கீழிருந்து மேலே செலுத்திவிடலாம்.

கடையில் அவசரமாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டு தவறுகள் செய்கிறார்கள். முதலாவது, பையை அப்படியே கம்பி வலையின்மேல் சாய்த்துவிடுவது. ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி அதை உரசிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் பொத்தல் விழும். அதோடு, வலையும் பின்னோக்கி வளைந்து கொடுப்பதால் நீங்கள் அடிக்கும் காற்றில் ஒரு பங்கு பின்பக்கமாகவே வீணாகும். பழைய தரை விரிப்புத் துண்டு ஒன்றைப் பையைவிட நான்கு விரல் அகலமாக வெட்டி, கேபிள் டை போட்டு வலையோடு கட்டிவிட்டு அதன்மேல் பையை வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். பலகையோ தகடோ வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பின்னால் வேறு வண்டி மோதினால் உங்கள் உடல் சாய்மானத்துக்குள் அமிழும், அப்போது முதுகெலும்பு அந்தக் கட்டைமேல் போய் மோதும்.

இரண்டாவது தவறு குழாய் போகும் வழி. நம் ஊர் வண்டியில் ஓட்டுநருக்கு வலப்பக்கம் கதவு. பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் பெரும்பாலும் சாய்மானத்தின் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ஆகவே குழாயை இடப்பக்கமாக, ஹேண்ட்பிரேக் பக்கத்தில் இறக்குங்கள். சாய்மானம் மடங்கும் கீலுக்கு அருகில் ஒரு சாண் நீளத்துக்குத் தொய்வு விட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைச் சாய்க்கும் முதல் நாளே குழாய் நசுங்கிவிடும். சீட் பெல்ட் மாட்டும் பக்கிளுக்குக் குறுக்கேயும் குழாய் வரக்கூடாது.

மறுமொழி 2: மதுரை பிசியோ

குஷன்காரர் ஐயா பொருத்தும் முறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதை எங்கே, எவ்வளவு புடைக்க வைப்பது என்பது என் துறை என்பதால் நான் தொடர்கிறேன்.

நாம் நிற்கும்போது கீழ்முதுகு இயல்பாக உட்புறம் குழிந்திருக்கிறது. உட்கார்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல, அந்தக் குழிவு தட்டையாகிறது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் முன்பகுதி அழுந்துகிறது, பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டே நிற்கின்றன. இருக்கையின் அமைப்பு வட்டுகளின் அழுத்தத்தை மாற்றுகிறது என்பதை ஸ்வீடனில் ஆய்வாளர்கள் நாக்கெம்சனும் ஆண்டர்சனும் 1960களிலும் 70களிலும் வட்டுக்குள் ஊசி செலுத்தியே அளந்தார்கள்: சாய்மானத்தைப் பின்னுக்குச் சாய்க்கச் சாய்க்க அழுத்தம் குறைந்தது, கீழ்முதுகுக்குத் தாங்கல் கொடுத்தபோது இன்னும் குறைந்தது. வோல்வோ தன் காரில் கூட்டிக் குறைக்கும் கீழ்முதுகுத் தாங்கலை அந்த 1960களிலேயே வைத்ததும் அதே நாட்டில்தான். இதோடு காருக்கே உரிய இன்னொரு காரணமும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 6 முறை வரையிலான மேல்கீழ் அதிர்வுக்கு மற்ற அதிர்வுகளைவிட அதிகமாக ஆடுகிறது. ஓடும் வாகனத்தின் சீட்டில் எழும் அதிர்வும் அந்த எல்லைக்குள் வருவதுண்டு. எனவே டயரில் காற்று அளவுக்கு மீறி இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பை இருக்க வேண்டிய உயரத்தைக் கண்டறிய எளிய வழி உண்டு. நின்றுகொண்டு இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றுங்கள், கட்டைவிரல்கள் பின்பக்கம் இருக்கட்டும். அவ்விரல்கள் நடுமுதுகை நோக்கி நீளும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கு நேராக வரும். புடைப்பின் உச்சி அதற்கு ஓரிரு விரல் மேலே, ஏறக்குறைய தொப்புளுக்கு நேர்ப்பின்னால் இருந்தால் போதும். இந்த அளவை சீட்டில் உட்கார்ந்த நிலையில் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் எடையில் குஷன் அமிழ்வதால், வெறும் சீட்டில் டேப் வைத்து எடுக்கும் அளவு பொருந்தாது.

ஆனால் பை வாங்குவதற்கு முன்பு சீட்டைச் சரிசெய்யுங்கள். என்னிடம் வரும் ஓட்டுநர்களில் பலர் பிட்டத்தைச் சாய்மானத்தின் மூலைவரை தள்ளி உட்காருவதே இல்லை. அவர்கள் எதை வைத்தாலும் அது இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில்தான் நிற்கும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திராத அளவுக்குச் சீட்டை உயர்த்துங்கள். சாய்மானம் 100 முதல் 110 டிகிரி வரை இருக்கட்டும். கிளட்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் சாய்மானத்தைவிட்டு விலகாமலே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து ஓட்டும் வழக்கம் உங்களுக்கு உண்டா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது, இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

செலவு செய்வதற்கு முன் சோதித்துப் பார்க்க விரும்பினால், வீட்டில் பழைய ரத்த அழுத்தக் கருவி இருந்தால் அதன் துணிப்பட்டையே போதும். பெரியவர்களுக்கான பட்டையின் உள்ளேயுள்ள ரப்பர்ப் பை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அகலமும் 23 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. குமிழும் வால்வும் கூடவே வருகின்றன. வண்டியை நிறுத்தி வைத்தபடி அதை முதுகுக்குப் பின்னால் வைத்து, வெறும் பையிலிருந்து தொடங்கி, குழிவு நிரம்பியதாகத் தோன்றும்வரை அமுக்குங்கள். "ஏதோ தள்ளுகிறது" என்ற உணர்வு வந்தால் அது அதிகம். சற்றே காற்றை விடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 சென்டிமீட்டர் புடைப்புக்கு மேல் தேவைப்படாது.

காலில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் சீட்டு வேலையை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி 3: வயரிங் தம்பி

ஏர்பேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணா. சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், சாய்மானத்தின் கதவுப்பக்க ஓரத்தில் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்ற எழுத்துகளுடன் ஒரு சிறு துணிப்பட்டையோ பிளாஸ்டிக் வில்லையோ இருக்கும். காருடன் வந்த கையேட்டிலும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்தால் அந்த வேலையை ஏர்பேக் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறையிட்ட வயரோ தென்பட்டால் அது ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தது. அதைக் கழற்றவும் மல்டிமீட்டரால் அளக்கவும் கூடாது. சீட்டை இறக்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும், பிறகு அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய நேரிடும்.

பை வைத்த பிறகு இரண்டு இடங்களை அளந்து பாருங்கள். புடைப்பு உங்களைச் சிறிது முன்னே கொண்டுவரும் என்பதால், நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் சீட்டைப் பின்னே தள்ளுங்கள். தலையின் பின்புறத்துக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளியும் கூடியிருக்கும். அமெரிக்க விதியில் புதிய வாகனங்களுக்கு அந்த இடைவெளியின் உச்சவரம்பு 5.5 சென்டிமீட்டர். உங்களுடைய பழைய மெமரி ஃபோம் தலையணையில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான். சில கார்களில் ஹெட்ரெஸ்ட்டே தானாக முன்னே நகரும் அமைப்பு உண்டு. 1997இல் சாப் நிறுவனம் கொண்டுவந்த முறை அது. பின்மோதலில் ஓட்டுநரின் முதுகு சாய்மானத்துக்குள்ளிருக்கும் ஒரு தகட்டை அழுத்துவதால்தான் அது இயங்குகிறது. அப்படிப்பட்ட சீட்டுக்குள் வேறு எதையும் நுழைக்கக்கூடாது.

மறுமொழி 4: புதுப்பேட்டை ரசிகன்

இவ்வளவு சிரமம் எதற்கு? சென்னை புதுப்பேட்டையில் தேடினால், உடைப்புக்கு வந்த பெரிய கார்களின் லம்பார் குமிழ் வைத்த சீட்டுகள் கிடைக்கும். அதையே வாங்கி மாட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமே.

மறுமொழி 5: ஈரோடு குஷன்காரர்

தம்பி, சீட் கிடைக்கும், மறுக்கவில்லை. அதன் தண்டவாளத்தின் போல்ட் இடைவெளி இந்த வண்டியின் தரையோடு பொருந்தாது. நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்துதான் மாட்ட வேண்டியிருக்கும். மோதலின்போது ஓட்டுநரின் எடை முழுவதையும் அந்தப் பட்டைதான் பிடித்து நிறுத்த வேண்டும். பல வண்டிகளில் சீட் பெல்ட்டின் பக்கிளும் சீட் சட்டத்தோடு சேர்ந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். அதே மாடலின் உயர்ந்த வகையிலிருந்து, வெள்ளத்திலும் விபத்திலும் சிக்காத சீட் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

மறுமொழி 6: கோவைப் பயணி

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்; அதற்குள் சென்னைக்கு மூன்று முறை போய்வந்துவிட்டேன்.

பிசியோ அவர்கள் சொன்னபடி முதலில் சீட்டை மட்டும் மாற்றியமைத்தேன். இத்தனை ஆண்டுகளும் பிட்டத்துக்கும் சாய்மானத்துக்கும் நடுவே முழுக் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டே ஓட்டிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைத் திருத்தியதிலேயே வலி தொடங்கும் இடம் ஆத்தூரிலிருந்து சின்னசேலத்துக்குத் தள்ளிப்போனது. பர்ஸும் இப்போது கதவுப் பையில்தான் பயணம் செய்கிறது. அடுத்து, அப்பாவின் பழைய ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை வைத்து வீட்டு வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எனக்கும் மனைவிக்கும் உரிய உயரத்தைச் சாக்பீஸால் கவரின்மேல் குறித்தோம். இரண்டு குறிகளுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

சீட்டின் ஓரத்தில் பட்டையும் இல்லை, கையேட்டிலும் முன்பக்க ஏர்பேக்குகள் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன. தெரிந்த குஷன் கடை ஒன்றில் உட்கார்ந்து, இரட்டை அறைக் காற்றுப்பையைக் கம்பி வலைக்கு முன்னால், நடுவே விரிப்புத் துண்டு கட்டி வைத்தோம். சீட்டைக் கழற்றவே இல்லை. ஜே கொக்கியை மீண்டும் மாட்டுவதற்குத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். குமிழ்கள் இரண்டும் ஹேண்ட்பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவே தொங்குகின்றன. முதல் பயணத்தில் அவற்றில் ஒன்று சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது வெல்க்ரோ ஒட்டி சீட்டின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன். கையேட்டில் பார்த்தபோது டயர் காற்றும் வேண்டியதைவிட 5 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தது தெரியவந்து, அதையும் குறைத்தேன்.

கோவையில் கிளம்பும்போது மேல் அறைக்கு ஏழு அமுக்கு, கீழ் அறைக்கு மூன்று. சேலம் புறவழிச்சாலையைத் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தும்போது மேல் அறையில் சற்றுக் காற்றை விடுகிறேன், மறுபடி கிளம்பும்போது கீழ் அறையில் ஓர் அமுக்கு கூட்டுகிறேன். ஒரே அளவில் நெடுநேரம் வைத்திருப்பதைவிட இப்படி மாற்றிக்கொண்டே போவதுதான் முதுகுக்கு இதமாக இருக்கிறது. வலி முற்றிலும் போகவில்லை. திண்டிவனத்தைத் தாண்டிய பிறகு சற்றுத் தெரிகிறது, ஆனால் இறங்கியவுடன் நிமிர்ந்து நிற்க முடிகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் புடைப்பு காலையில் இருந்ததைவிடக் கடினமாக இருக்கிறது. பை பழுதாகிறதா?

மறுமொழி 7: ஈரோடு குஷன்காரர்

பழுதில்லை சார். மூடிய கார் வெயிலில் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். நிறுத்தும்போது இரண்டு வால்வையும் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்; பையின் ஒட்டுத் தையலுக்கும் அது நல்லது. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு மூடி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி அமுக்குங்கள்.